கிராமத்து மரஞ்செடிகளிலிருந்து சவுக்காரமும் சலவைப் பொருள்களும்
(கிராமவாசிகளின் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



துணி துவைப்பதற்கும், பாத்திரம் துலக்குவதற்கும், தலை முழுகுவதற்கும், தரை கழுவுவதற்கும் ஒரு குடும்பத்தில் மாதம் எவ்வளவு பணம் செலவாகிறது என்பதைக் கிராமத்தில் எவரும் கணக்கெழுதி வைப்பதில்லை. நெல்லுக்கும் பருப்புக்கும் கணக்குண்டு. கலியாணச் செலவுக்குக் கணக்குண்டு. சவுக்காரத்துக்கு மட்டும் கணக்கில்லை. சிறு சிறு பொட்டலங்களாகக் கடையிலிருந்து வருவதால் அது ஒரு செலவென்றே தோன்றுவதில்லை. ஆயினும் அப்பணம் முழுவதும் ஊரைவிட்டு வெளியே செல்கிறது. அதே ஊரின் வேலியோரத்தில் வேப்பங்கொட்டையும், புங்கங்காயும், இலுப்பைக் கொட்டையும் காலில் மிதிபட்டு மழையில் அழுகிப் போகின்றன. இவ்விரண்டு விஷயங்களையும் சேர்த்து ஆலோசிப்பதே இன்றைய உபந்நியாசத்தின் நோக்கமாகும்.

நம் நாட்டு ஜனங்கள் சவுக்காரக்கட்டி வருவதற்கு முன் அழுக்கோடு இருந்தவர்கள் அல்லர். தலைக்குச் சீயக்காயும் அரப்பும், பட்டுக்கும் நகைக்கும் பூந்திக்கொட்டையும், பித்தளைக்குப் புளியும், எண்ணெய்ப் பாத்திரத்துக்குச் சாம்பலும், துணிக்கு உவர்மண்ணும் வழக்கத்தில் இருந்தன. சலவைத் தொழிலாளர் உவர்மண் கரைத்த நீரில் துணியை நனைத்து, பெரிய தாழிகளில் அடுக்கி, இரவு முழுவதும் ஆவி ஏற்றி, விடியற்காலையில் துறைக்குக் கொண்டு போவார்கள். இதுவே வெள்ளாவி என்பது. உவர்மண்ணில் உள்ள சோடாக் காரம் கொதியாவியின் சூட்டில் துணியின் எண்ணெய்ப் பிசுக்கை இளக்கிவிடுகிறது. அந்த ஆவியிலேயே கிருமிகளும் பேன்முட்டைகளும் அழிந்து போகும். சாஸ்திரம் படித்தவர் ஒருவரும் சொல்லிக் கொடாமலே இம்முறை சரியான வழியில் அமைந்திருந்தது வியக்கத்தக்கது.

1888-ஆம் வருஷத்தில் இங்கிலாந்திலிருந்து சன்லைட் சவுக்காரப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கின. அதன்பின் சீமைச் சவுக்காரம் பட்டணங்களிலும், பட்டணங்களின் வழியே கிராமங்களிலும் பரவலாயிற்று. 1914-இல் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோழிக்கோட்டில், சர் பிரெடெரிக் நிக்கல்சன் அவர்களின் முயற்சியால், சர்க்கார் சவுக்காரத் தொழிற்சாலை ஒன்று ஏற்பட்டது. மீன்வளத் துறையைச் சேர்ந்ததாகத் தொடங்கிய அச்சாலையே பின்னர்க் கேரள சோப்பு நிலையம் எனப் பெயர் பெற்றது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்களைக் காரியதரிசியாகக் கொண்டு 1934-இல் வார்தாவில் அமைந்த அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கமும், தான் பரப்ப முயன்ற தொழில்களுள் சவுக்காரம் செய்வதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. பிற்காலத்தில், அதாவது 1950-க்குப் பிறகு, மண்ணெண்ணெய் வகைகளை எடுக்கும் பெட்ரோலியத்திலிருந்தே செய்யப்படும் சலவைத்தூள்கள் இந்நாட்டில் பரவி, கட்டிச் சவுக்காரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன.

இத்தூள்கள் உப்புத் தண்ணீரிலும் நன்றாக நுரைக்கும். ஆகவே ஜனங்கள் விரும்பியது இயல்பே. ஆனால் தொடக்க காலத்தில் வந்த தூள்கள் ஆற்று நீரில் எளிதில் சிதைந்து போகாதவை. மேல்நாட்டு ஆறுகளில் மலைபோல் நுரை மிதக்கவே, 1960-களில் அங்கெல்லாம் சட்டத்தாலும் ஏற்பாட்டாலும் அவற்றின் அமைப்பு மாற்றப்பட்டது. இப்பொழுது விற்பவை அவற்றைவிடச் சீக்கிரம் சிதையக்கூடியவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் பாஸ்பேட் உப்புக் கலந்த தூள்கள் குளத்தில் சேர்ந்தால் பாசிக்கு உரமிட்டதுபோல் ஆகிறது. துவைக்கும் துறையும், மாடு தண்ணீர் குடிக்கும் துறையும், சில இடங்களில் மனிதர் குளிக்கும் துறையும் ஒரே ஊருணியாக இருக்கும் ஊர்களில் இது சிறிய விஷயமன்று.

அழுக்கு எவ்வாறு நீங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். துணியில் மண்ணும் கரியும் தாமாக ஒட்டிக்கொள்வதில்லை. உடம்பிலிருந்தும் சமையலிலிருந்தும் வரும் எண்ணெய்ப் பிசுக்கே பசைபோல் நின்று அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெயும் தண்ணீரும் சேரா. சவுக்காரத்தின் நுண்ணிய அணுத்திரள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை எண்ணெயோடு உறவாடும். மறுமுனை தண்ணீரோடு உறவாடும். இரு திறத்தாருக்கும் வேண்டியவரான மத்தியஸ்தரைப்போல் அது நடுவில் நின்று, பிசுக்கைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரில் சேர்த்துவிடுகிறது. சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு ஆகியவற்றில் உள்ள சபோனின் என்னும் பொருளும் இவ்வேலையையே செய்கிறது. கசக்கினால் நுரை வருவது இதனாலேயே.

பூந்திக்கொட்டையை எடுத்துக்கொள்வோம். சபோனின் அதன் சதைப்பற்றுள்ள தோலில் இருக்கிறது. உள்ளிருக்கும் கறுப்பு விதையில் இல்லை. ஆகையால் விதையை நீக்கிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு காய்களின் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவில் ஊறவைத்து, காலையில் கால்மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியபின் கையால் பிசைந்து வடிகட்டினால் பழுப்பு நிறமான சாறு கிடைக்கும். பட்டு, கம்பளி முதலியவற்றுக்கு இதைப்போன்றது வேறில்லை. சவுக்காரத்தில் காரத்தன்மை உண்டு. பட்டும் கம்பளியும் அதைத் தாங்கமாட்டா. பூந்திச் சாறோ சிறிது புளிப்புப் பக்கமே சார்ந்தது. அன்றியும், உப்புக் கிணற்று நீரில் சவுக்காரம் திரிந்து போவதுபோல் இது திரிந்து போவதில்லை.

இதன் குறைகளையும் மறைக்கலாகாது. சாறு மூன்று நான்கு நாளில் புளித்துக் கெட்டுவிடும். அவ்வப்போது செய்துகொள்ள வேண்டும். கண்ணில் பட்டால் மிகவும் எரியும். உழைப்பாளியின் வேட்டியில் ஏறிய வண்டி மையை இது நீக்காது. கடைத்தூளில் துவைத்த துணியின் நீலம் பாய்ந்த வெண்மையையும் இதில் எதிர்பார்க்கக் கூடாது. அவ்வெண்மை அழுக்கு நீங்கியதால் மட்டும் வருவதன்று. வெயிலில் ஒளிரும் ஒருவகைச் சாயத்தைத் தூளில் சேர்ப்பதால் வருவது. மேலும், செடியிலிருந்து கிடைத்ததால் தீங்கற்றது என்று எண்ணிச் சாற்றைக் குளத்தில் ஊற்றுவது பெரும் பிழை. சபோனின் மீன்களின் செவுள்களைத் தாக்கும். இத்தகைய காய்களையும், இலுப்பைப் பிண்ணாக்கையும் நீரில் கரைத்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இந்நாட்டில் பழமையானது. துவைத்த நீரை வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சிவிடுவதே தக்கது.

அரப்பு என்பது உசில் மரத்தின் இலையை உலர்த்தி இடித்த பொடி. இலுப்பைப் பிண்ணாக்கையும் அரப்பென்று சொல்லித் தலைக்குத் தேய்ப்பவர்கள் உண்டு. இவை இரண்டும் எண்ணெய் முழுக்குக்கு ஏற்றவை. அதற்குமேல் இவற்றைப்பற்றித் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனிச் சாம்பலைக் கவனிப்போம். செடிகள் பூமியிலிருந்து உறிஞ்சிய பொட்டாசிய உப்பு அவற்றை எரித்த சாம்பலில் தங்குகிறது. வாழைச் சருகு, தென்னம்பாளை, எள்ளுத்தட்டை, பருத்திமார், நாயுருவி ஆகியவற்றின் சாம்பலில் இது மிகுதி. அஸ்ஸாம் தேசத்தார் வாழைத்தோலின் சாம்பலை நீரில் வடித்து அக்காரநீரைச் சமையலிலும் சேர்க்கின்றனர். அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலும் மணலும் பரப்பி, சலித்த சாம்பலை அழுத்தி நிரப்பி, மேலே மழைநீரை மெல்ல மெல்ல ஊற்றினால், விரலுக்கு வழுவழுப்பான மஞ்சள் நீர் சொட்டும். அதே நீரை இரண்டாம் முறையும் சாம்பலின்மேல் ஊற்றினால் காரம் ஏறும். புதிய கோழிமுட்டை ஒன்று அதில் மிதந்து, மேற்பாகம் ஒரு காசளவு வெளியே தெரிந்தால் போதிய காரம் உண்டென்பது பழைய கணக்கு. பாத்திரத்துக்கும் அழுக்குத் துணியை ஊறவைப்பதற்கும் இந்நீரே போதும். பிளாஸ்டிக் பைகளை எரித்த அடுப்பின் சாம்பல் மட்டும் ஒன்றுக்கும் உதவாது.

இக்காரநீரோடு நீற்றின சுண்ணாம்பைச் சேர்த்துக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டால், சுண்ணாம்பு வெள்ளைப் படிவாக அடியில் தங்கும்; மேலே நிற்கும் தெளிநீர் முன்னிலும் பலமடங்கு கொடிய காரமாகும். அதில் எண்ணெயைக் காய்ச்சினால் சவுக்காரம் உண்டாகும். சாம்பற்காரத்தில் செய்த சவுக்காரம் கட்டியாக இறுகாமல் களிபோல் இருக்கும். கறியுப்பை இட்டுக் காய்ச்சினால் அது திரண்டு கட்டிப்படும். தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம் மட்டும் உப்புக்கு எளிதில் அசையாது. கடல்நீரிலும் அது நுரைப்பதால் கப்பல்காரர்கள் அதனையே விரும்பி வைத்திருந்தார்கள். இந்த முறை முழுவதும் செடிகொடிகளாலேயே ஆனது. ஆனால் விறகும் பொறுமையும் நிறைய வேண்டும். விறகு விலைக்கு வாங்கும் ஊரில் இது கட்டாது என்பதே நேர்மையான பேச்சு.

ஆகையால் காரத்துக்கு மட்டும் கடைச்சரக்கான காஸ்டிக் சோடாவை வாங்கி, எண்ணெயை ஊரிலேயே எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றதாகும். காஸ்டிக் சோடா கறியுப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சி எடுக்கப்படுவது, செடியில் விளைவதன்று. எடைக் கணக்கில் அது எண்ணெயில் ஏழில் ஒரு பங்கே.

எண்ணெயைத் தெரிந்தெடுப்பதில் விவேகம் வேண்டும். கடலையெண்ணெயும் நல்லெண்ணெயும் வயிற்றுக்கு உரியவை. குழந்தைகளின் சோற்றுக்குப் போதாத எண்ணெயைத் துணிக்குக் கொட்டுவது அறமாகாது. வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், இலுப்பெண்ணெய், புன்னையெண்ணெய் ஆகிய நான்கும் இதற்கென்றே அமைந்தவைபோல் இருக்கின்றன. இலுப்பைப் பருப்பில் எடையில் 100-க்கு 35 முதல் 50 வரை எண்ணெய் உண்டு. ஒரு காலத்தில் கோயில் விளக்குகள் இவ்வெண்ணெயால் எரிந்தன. அதற்காகவே தோப்புத் தோப்பாக இலுப்பை வைக்கப்பட்டது. விளக்குக்கு வேறு எண்ணெய் வந்தபின் மரத்துக்கு மதிப்பில்லாது போய், விறகுக்கும் பலகைக்குமாகத் தோப்புகள் வெட்டுண்டன. ஓர் இலுப்பை வித்து நன்றாகக் காய்க்கும் மரமாவதற்குப் பத்து வருஷத்துக்குக் குறையாது. கோடாரிக்கோ அரைநாள் போதும். கொட்டைக்கு ஊரில் விலை உண்டாயின், நிற்கும் மரமாவது நிற்கும்.

மேற்படி எண்ணெய்கள் தனித்து நன்றாக நுரைப்பதில்லை. கட்டியும் மிருதுவாக இருக்கும். சிறிது தேங்காயெண்ணெய் சேர்த்தால் இவ்விரு குறைகளும் தீரும். கொப்பரையில் பூஞ்சணம் பிடித்ததும், நாட்பட்டுச் சிக்கடித்ததுமான எண்ணெயே இதற்குப் போதும்.

அளவு வருமாறு: வேப்பெண்ணெய் அல்லது இலுப்பெண்ணெய் 700 கிராம், தேங்காயெண்ணெய் 300 கிராம், காஸ்டிக் சோடா 145 கிராம், மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் 350 கிராம். படிக்கணக்கும் கைக்கணக்கும் இங்கே செல்லா. எல்லாவற்றையும் தராசில் நிறுக்க வேண்டும். எண்ணெய் தோறும் வேண்டிய காரம் வேறுபடும். தேங்காயெண்ணெய் 100 கிராமுக்கு ஏறத்தாழ 18 கிராம் காரம் கொள்ளும். வேப்பெண்ணெயும் இலுப்பெண்ணெயும் 14 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே கொள்ளும். மேலே கண்ட 145 கிராம் என்பது கணக்கின்படி வேண்டியதைவிட 100-க்கு 5 பங்கு குறைத்துச் சொன்னது. சிறிது எண்ணெய் மிஞ்சினால் கைக்கு நல்லது; சிறிது காரம் மிஞ்சினால் கை புண்ணாகும்.

முதலில் காரத்தைக் கரைக்க வேண்டும். தண்ணீரில் காரத்தைச் சிறிது சிறிதாக இடவேண்டும். காரத்தின்மேல் ஒருபோதும் தண்ணீர் ஊற்றலாகாது. ஊற்றினால் அது கொதித்து முகத்தில் தெறிக்கும். முறைப்படி இட்டாலும் அடுப்பில்லாமலே நீர் கொதிநிலைக்கு அருகில் சூடேறி, மூக்கைத் துளைக்கும் ஆவி எழும். ஆகவே இதைத் திறந்த வெளியில், காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டு செய்ய வேண்டும். இரும்பு, எவர்சில்வர், எனாமல் பாத்திரங்கள் ஆகும். அலுமினியம் கூடவே கூடாது. காரம் அலுமினியத்தைத் தின்று, தீப்பற்றும் வாயுவை உண்டாக்கும்.

காரநீர் ஆறிக் கைபொறுக்கும் வெதுவெதுப்பு என்னும் நிலைக்கு வந்ததும் (கையை உள்ளே விட்டுப் பார்க்கலாகாது, பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டே அறிய வேண்டும்), அதே வெதுவெதுப்பில் உள்ள எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டு மரத்துடுப்பால் இடைவிடாமல் கலக்க வேண்டும். அரைமணி முதல் ஒரு மணி வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். துடுப்பை உயர்த்தினால் வழியும் குழம்பு மேற்பரப்பில் கோடுபோல் சிறிது நேரம் நின்று மறையும், அதுவே பதம். துணி விரித்த மரப்பெட்டியில் ஊற்றிச் சாக்கால் மூடி, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத் துண்டு போட்டு, நிழலில் காற்றாட ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். அவசரப்பட்டு ஈரக் கட்டியை உபயோகித்தால் கையும் எரியும், கட்டியும் விரைவில் கரைந்துபோகும். உலர்ந்தபின் ஏறத்தாழ 1300 கிராம் சவுக்காரம் நிற்கும். வேப்பெண்ணெயின் வாடை சிறிது இருக்கத்தான் செய்யும்.

காஸ்டிக் சோடாவைப்பற்றி ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அது வெள்ளைச் செதிலாகவும் மணியாகவும், பார்வைக்குக் கல்லுப்பைப் போலவே இருக்கும். அதைச் சமையலறையில் வைப்பதும், கரைத்த நீரைச் சொம்பிலோ தண்ணீர்ப் புட்டியிலோ ஊற்றி வைப்பதும் குழந்தையின் உயிரோடு விளையாடுவதாகும். தோலில் பட்டால் உடனே ஓடும் நீரில் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. உள்ளே இறங்கும்போது சுட்டது மேலே ஏறும்போதும் சுடும். தாமதமின்றி டாக்டரிடம் சேர்க்க வேண்டும். வேலை முடியும் வரையில் சிறுபிள்ளைகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் தனியாக இல்லாவிடில், அன்று சவுக்காரம் செய்யாமல் இருப்பதே மேல்.

உப்புக் கிணற்று ஊர்களுக்கு ஒரு வார்த்தை. அந்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியச் சத்தும் சவுக்காரத்தோடு கூடி, கரையாத வெள்ளைத் திப்பியாகத் துணியில் படியும்; துணி நாளடைவில் பழுத்துப்போகும். ஒரு புட்டியில் மழைநீரும் மற்றொன்றில் கிணற்று நீரும் எடுத்து, இரண்டிலும் சமமாகச் சவுக்காரச் சீவலை இட்டுக் குலுக்கினால் வேற்றுமை கண்கூடாகத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவது நலம். அத்தகைய ஊரில் முதலில் சலவைச் சோடாவையோ சாம்பற்காரத்தையோ இட்டு நீரைத் தெளிய வைத்து, பிறகு சவுக்காரம் போட வேண்டும். கடைசி அலசலுக்கு மழைநீர் கிடைத்தால் உத்தமம்.

பித்தளைக்கும் செம்புக்கும் புளியே போதும். அதிலுள்ள புளிப்பு, களிம்பைக் கரைத்துவிடும். எலுமிச்சை, ஆரஞ்சு முதலியவற்றின் தோலை வெல்லமும் நீரும் சேர்த்து மூன்று மாதம் புளிக்கவைத்து எடுக்கும் நீரைத் தரைக்கும் குளிப்பறைக்கும் சிலர் உபயோகிக்கின்றனர். அது ஒருவகைக் காடியே. உப்புக்கறையை நீக்கும், ஆனால் கிருமிகளை எல்லாம் ஒழிக்கும் என்று சொல்வது மிகை. புளிக்கும்போது வாயு சேர்வதால் மூடியை அடிக்கடி திறந்து விடாவிட்டால் புட்டி வெடிக்கும். இக்காடியையோ வேறு எந்தப் புளிப்பையோ பிளீச்சிங் பவுடரோடு கலக்கலாகாது. நெஞ்சை அடைக்கும் குளோரின் விஷவாயு எழும்.

இதைத் தொழிலாக நடத்த விரும்பும் மாதர் சங்கங்கள் சலவைச் சவுக்காரத்திலேயே தொடங்குவது நன்று. உடம்புக்குப் பூசும் சவுக்காரத்தை விற்பதற்குச் சர்க்கார் உரிமம் பெற வேண்டும். மணமும் நிறமும் உறையும் பார்த்து வாங்கும் சந்தையில் பெரிய கம்பெனிகளோடு போட்டியிடவும் வேண்டும். சலவைக் கட்டிக்கு உள்ளூரிலேயே கிராக்கி உண்டு. எண்ணெயை விலைக்கு வாங்கிச் செய்தால் கடைச் சவுக்காரத்தைவிட மலிவாக விற்க இயலாது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் அறிவர். கொட்டையைப் பொறுக்கி, ஊர்ச் செக்கில் ஆட்டி, பிண்ணாக்கை வயலுக்கு எருவாக விற்றால்தான் கணக்கு நேராகும். வேப்பம் பிண்ணாக்குக்கு எப்பொழுதும் விலையுண்டு.

ஆகவே வேலை அடுப்பங்கரையில் தொடங்குவதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மரத்தடியில் தொடங்குகிறது. வேப்பம்பழம் விழுந்த அன்றோ மறுநாளோ பொறுக்கப்பட வேண்டும். மண்ணில் கிடந்து பூஞ்சணம் பிடித்த கொட்டையின் எண்ணெய் கறுத்து நாறும். பழத்தை நீரில் பிசைந்து சதையை நீக்கிக் கொட்டையைக் கழுவி, இரண்டொரு நாள் வெயிலிலும் பின்பு நிழலிலும் உலர்த்தி, காற்றோட்டமுள்ள சாக்கில் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துப் புழுத்துவிடும். அடைமழைக்கு முன் பரணில் ஏறிய மூட்டை, மழை ஓய்ந்தபின் செக்குக்குப் போகலாம்.